கண்ணில் ஒட்டிக்கொண்ட லென்ஸும் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரும்

ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருந்திருக்கிறீர்களா? இல்லை, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ வெல்டரோ படித்தவரா? அப்படியானால் இந்தக் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். காண்டாக்ட் லென்ஸ் போட்ட ஒருத்தன் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டானாம். சாயந்திரம் வீட்டுக்குப் போய் லென்ஸைக் கழற்றினால், லென்ஸோடு சேர்ந்து கருவிழியின் மேல்தோலும் உரிந்து வந்துவிட்டதாம். அதோடு பார்வை போச்சாம். சொல்பவரைப் பொறுத்து அவன் சில சமயம் ஜாம்ஷெட்பூர்காரன், சில சமயம் ஜப்பான்காரன். எங்கள் பேட்ச் இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் (பேர் வேண்டாம்) அவன் ஹோசூர்காரனாக இருந்தான்.

சேஃப்டி வகுப்பு எடுத்தவர் இதைச் சொல்லி முடித்ததும் "அதனால யாரும் லென்ஸ் போட்டுக்கிட்டு வராதீங்க" என்றார். அடுத்த ஸ்லைடு தீயணைப்புக் கருவி. லென்ஸ் சமாச்சாரம் அவ்வளவுதான், முடிந்தது!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கதை பொய் என்பதற்காக மட்டும் இல்லை. பொய்க்கதைகள் ஆயிரம் இருக்கின்றன, எல்லாவற்றோடும் சண்டை போட முடியுமா? இந்தக் கதை, சொல்லியிருக்க வேண்டிய உண்மையின் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதுதான் பிரச்சினை.

முதலில் கதையின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம். 1967 ஜூலையில் அமெரிக்காவில் பால்டிமோர் பக்கத்தில், பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்த ஒரு வெல்டருக்கு மின் இணைப்பு கொடுக்கும்போது பளீரென்று ஒரு வெடிப்பு. அவர் லென்ஸ் போட்டிருந்தார். பிறகு லென்ஸைக் கழற்றியபோது கண்ணில் காயம் தெரிந்தது. உடனே, வெளிச்சம் லென்ஸைக் கண்ணோடு ஒட்ட வைத்துவிட்டது என்று பேச்சு கிளம்பிவிட்டது. சோதித்துப் பார்த்த கண் டாக்டர் சொன்னது வேறு. காயத்துக்குக் காரணம் வெளிச்சம் இல்லை, அந்த மனிதர் லென்ஸைக் கழற்றாமல் பதினேழு, பதினெட்டு மணி நேரம் போட்டிருந்ததுதான். சில நாளில் கண்ணும் சரியாகிவிட்டது. அந்தப் பதினெட்டு மணி நேரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

டாக்டர் சொன்னதை யாரும் பரப்பவில்லை. கதை மட்டும் 1980களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் அறிவிப்புப் பலகைகளில் சுற்றி, அப்புறம் ஈமெயிலில் சுற்றி, இப்போது வாட்ஸப்பில் சுற்றுகிறது. கொஞ்சம் யோசித்தால் போதும், கதை நிற்காது. கண்ணின் மேல் எப்போதும் கண்ணீர்ப் படலம் இருக்கிறது, லென்ஸ் அதில் மிதக்கிறது. அந்த நீர் கொதித்து ஆவியாகிற அளவுக்கு முகத்தில் சூடு பட்டால் லென்ஸைப் பற்றிக் கவலைப்பட அங்கே ஆள் இருக்க மாட்டான். வெல்டிங்கின் புற ஊதாக்கதிர் கண்ணின் மேல்படலத்தைச் சுடுவது உண்மை. "ஆர்க் அடிச்சிருச்சு" என்று உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பார்களே, அதுதான் இது. ஆனால் அது லென்ஸ் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் ஒன்றுபோலத்தான் வரும். அதற்கு மருந்து ஹெல்மெட்.

ரசாயனப் புகை விஷயத்திலும் இதே மாதிரி ஒரு திருப்பம் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1978ல், கண்ணை உறுத்தும் ரசாயனங்கள் இருக்கும் இடத்தில் லென்ஸ் போடாதீர்கள் என்றது. 2005ல் அதே நிறுவனம், ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட்டு, சரியான கண் கவசமும் பயிற்சியும் இருந்தால் பெரும்பாலும் போடலாம் என்று மாற்றிச் சொன்னது. கவனியுங்கள், லென்ஸே கவசம் என்று சொல்லவில்லை. மேலே காகிள்ஸ் கட்டாயம், ரசாயனம் தெறித்தால் உடனே தண்ணீரால் கழுவிக்கொண்டே லென்ஸை எடுத்துவிட வேண்டும். (தண்ணீர் லென்ஸுக்கு ஆகாது என்று கொஞ்ச நேரத்தில் நானே சொல்லப்போகிறேன். ஆசிட் தெறித்தவன் அதை நினைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் தண்ணீர், மற்றதெல்லாம் பிறகு.)

சரி, மேட்டருக்கு வருவோம். தடை போட்டதால் யாரும் லென்ஸ் போடாமல் இருக்கிறார்களா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற அந்தச் சாலையில், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இறங்குகிற கூட்டத்தில் பாதிப்பேருக்கு இருபது, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்டால் காகிள்ஸுக்குள் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. மாஸ்க்கும் போட்டால் கேட்கவே வேண்டாம். நுணுக்கமான வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். கையில் கிளவுஸ், தள்ளிவிட முடியாது. இதெல்லாம் பாதிக் காரணம். மீதிக் காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். "சோடாபுட்டி" என்று கூப்பிடுகிற ஊர் இது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் "கண்ணாடியக் கழட்டி வைடி" என்று சொல்கிற அம்மாக்களின் ஊர் இது. முதல் மூன்று மாதச் சம்பளத்தில் செல்ஃபோன், நாலாவது மாதச் சம்பளத்தில் லென்ஸ் என்று வாங்குகிற பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் சம்பாதித்த காசு.

ஆக, லென்ஸ் இருக்கிறது. தடை இருப்பதால் ரகசியமாக இருக்கிறது. ரகசியமாக இருப்பதால் சூப்பர்வைசரிடம் "கண் உறுத்துது, அஞ்சு நிமிஷம் கழட்டிட்டு வரேன்" என்று சொல்ல முடியாது. போலிச் சேஃப்டி வகுப்பு சாதித்தது இதைத்தான்.

இப்போது ஒரு சாதாரண நாளைக் கணக்குப் போடுங்கள். ஆறு மணி ஷிஃப்ட் என்றால் நாலரைக்கெல்லாம் பஸ் வந்துவிடும். நாலு மணிக்கு ஹாஸ்டல் ரூமில் மற்றவர்களை எழுப்பாமல் செல்ஃபோன் வெளிச்சத்தில் லென்ஸ் போட வேண்டும். பஸ் ஏறினதும் தலை சாய்ந்துவிடும், ஒரு மணி நேரத் தூக்கம், கண்ணுக்குள் லென்ஸோடு. ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் இன்னொரு தூக்கம். ஓ.டி. இருந்தால் இன்னும் நாலு மணி நேரம். ரூமுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, வீட்டுக்கு ஃபோன் பேசி, படுக்கப் போகும்போது ஒன்பதரை. எத்தனை மணி நேரம் ஆச்சு? பதினேழரை! பால்டிமோர் வெல்டரின் கணக்கு அப்படியே வருகிறது. வெல்டிங்கே தேவைப்படவில்லை பாருங்கள்.

தூக்கத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கருவிழியின் மேல் இருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரியான படலத்துக்கு, அதாவது கார்னியாவுக்கு, ரத்தக்குழாய் கிடையாது. ரத்தக்குழாய் இருந்தால் அதன் வழியே பார்க்க முடியாதே! அதனால் அது ஆக்சிஜனைப் பெரும்பாலும் நேரடியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இமை மூடினால் வரத்து மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். லென்ஸும் இருந்தால் இன்னும் குறையும். மூச்சுத் திணறிய படலம் லேசாக வீங்கும், மேல்தோலில் நுண்ணிய விரிசல் விடும், கிருமிக்கு வாசல் திறந்துவிடும். 1989ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் எண்ணிப் பார்த்தார்கள். பகலில் மட்டும் மென்லென்ஸ் போடுகிறவர்களில் வருஷத்துக்கு 10,000 பேருக்கு 4 பேருக்குக் கார்னியாப் புண் வந்தது. ராத்திரியும் சேர்த்துப் போடுகிற வகை லென்ஸ்காரர்களில் 21 பேர். அஞ்சு மடங்கு. லென்ஸ் வந்த புதிதில் என்று நினைத்துவிடாதீர்கள், பிறகு வந்த, ஆக்சிஜனை அதிகமாக விடும் சிலிகான் லென்ஸ்களிலும் தூங்குகிறவர்களின் எண்ணிக்கை பெரிதாக இறங்கவில்லை.

மென்லென்ஸின் கதையே சுவாரசியமானது, ஒரு வரி சொல்லிவிடுகிறேன். செக்கோஸ்லோவாகியாவில் ஓட்டோ விக்டர்லே என்ற வேதியியலாளர் 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுச் சமையலறையில், பையனின் மெக்கானோ மாதிரியான விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழல் இயந்திரம் கட்டித்தான் அதைச் செய்துகாட்டினார். அந்தப் பிளாஸ்டிக்கின் பெருமையே, அது தண்ணீரை உறிஞ்சி மிருதுவாகும் என்பதுதான். லென்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். பெருமையும் அதுதான், வில்லங்கமும் அதுதான். எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் குடித்துக்கொள்ளும். அதில் இருப்பதையும் சேர்த்து.

தண்ணீருக்கு வந்துவிட்டோம். இந்தப் பக்கத்து ஹாஸ்டல்களிலும் வாடகை ரூம்களிலும் லாரி வந்து சம்ப்பை நிரப்பும். அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டைமாடிச் சின்டெக்ஸ் தொட்டிக்கு ஏறும். அந்தத் தொட்டியைக் கடைசியாக யார், எப்போது கழுவினார்கள் என்று வார்டனைக் கேட்டால் அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அந்தத் தண்ணீரில் அகாந்தமீபா என்று ஒரு உயிர் இருக்க வாய்ப்புண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்கிற ஒற்றைச்செல் பூச்சி. குடித்தால் வயிறு ஒன்றும் ஆகாது. கண்ணில் ஏறி லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால்தான் வினை. நிலைமை பிடிக்கவில்லை என்றால் தடித்த கூடு கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். குளோரின் அதை ஒன்றும் செய்யாது. கண்ணில் புண் வந்தால் ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தரம், ராத்திரியிலும் எழுந்து மருந்து விட வேண்டும், மாசக்கணக்கில் வைத்தியம். வலி என்றால் அப்படி ஒரு வலி என்கிறார்கள்.

பிரிட்டனில் இந்த நோய் அமெரிக்காவைவிடப் பல மடங்கு அதிகம். ஏன் என்று ஆராய்ந்தவர்கள் காட்டிய முக்கியமான காரணம், அங்கே பழைய வீடுகளில் கூரைக்கடியில் தொட்டி வைத்து, அதிலிருந்துதான் குளியலறைக் குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. அமெரிக்காவில் நேராகக் குழாயிலிருந்து வருகிறது. தொட்டியில் தேங்கும்போது அடியில் வண்டல், ஓரத்தில் பாசி, அதைத் தின்ன அமீபா. லண்டன்காரன் வீட்டுக் கூரையில் ஒரு தொட்டி இருந்ததற்கே இந்தக் கதி. நமக்குத் தொட்டி இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

"நான் கேன் தண்ணியிலதான் கழுவுறேன்" என்று என் சித்தி பெண் ஒரு நாள் பெருமையாகச் சொன்னாள். அவள் இந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறாள். எத்தனை பேர் இதையே செய்கிறார்கள் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது லிட்டர் கேன் குடிப்பதற்கு. கிருமி அறவே இல்லாத தண்ணீர் அது இல்லை, அப்படி யாரும் சத்தியம் செய்து தரவும் இல்லை. கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில் உப்புப் போட்டு வீட்டிலேயே சலைன் செய்கிற ஐடியாவும் புதுசில்லை. 1980களின் நடுவில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே சலைன் தயாரித்தவர்களிடம்தான் இந்த அமீபா நோய் கொத்தாகக் கிளம்பியது. எச்சில் தொட்டுப் போடுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வாய்க்குள் என்னவெல்லாம் குடியிருக்கிறது என்று பயாலஜி டீச்சரைக் கேளுங்கள்.

ஒரு நேர்மையான விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் அகாந்தமீபா வந்து கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸே போடாதவர்கள். கண்ணில் மண்ணோ நெல் சொணையோ பட்டு, அழுக்குத் தண்ணீரில் கழுவியவர்கள். இதைக் காட்டி "பார்த்தியா, லென்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று வாதாடலாம். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. லென்ஸ் இல்லாதவனின் கண்ணுக்கே வந்து சேருகிற அளவுக்கு இந்தக் கிருமி நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது என்றால், லென்ஸ் என்கிற ஸ்பாஞ்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு திரிகிறவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? மதுரை மாவட்டத்தில் 1993ல் கணக்கெடுத்தபோது லட்சம் பேரில் 113 பேருக்குக் கார்னியாப் புண் வந்திருந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் கணக்கிட்டது லட்சத்துக்கு 11. பத்து மடங்கு வித்தியாசம், அதுவும் நம் ஊரில் லென்ஸ் அபூர்வமாக இருந்த காலத்தில்.

இங்கே யாராவது எழுந்து "எல்லாம் போடுறவங்க அலட்சியம்ங்க. ஒழுங்கா இன்ஸ்ட்ரக்ஷன் படிச்சிருந்தா இதெல்லாம் வராது" என்பார்கள். கடைக்காரர் சொல்வார், எச்.ஆர். சொல்வார், ஏன், சில டாக்டர்களும் சொல்வார்கள். எந்த இன்ஸ்ட்ரக்ஷன்? அந்த மடித்து மடித்து வைத்த காகிதமா? நான் விரித்துப் பார்த்தேன். இங்கிலீஷ், ஹிந்தி, இன்னும் என்னென்னவோ. தமிழ் இல்லை. எழுத்து எறும்பு சைஸ். கண் சரியாகத் தெரியாதவர்கள் வாங்குகிற பொருளுக்கு எறும்பு சைஸ் எழுத்து! இதைவிட நக்கல் உண்டா? ஒரு கடையில் "எப்படிக் கழுவணும்?" என்று கேட்டதற்கு "சொல்யூஷன் ஊத்தி வச்சிடுங்க, அதுவே க்ளீன் பண்ணிக்கும்" என்று பதில் வந்தது. பவர் கூட அளக்கவில்லை, பழைய கண்ணாடிச் சீட்டைக் காட்டினால் போதுமாம்.

அலட்சியம் என்று பேசுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2015ல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. லென்ஸ் போடுகிறவர்களில் ஏறக்குறைய 99 சதவீதம் பேர் ஏதாவது ஒரு தப்பாவது செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். லென்ஸோடு தூங்குவது, பழைய சொல்யூஷன் மேலேயே புதுசை ஊற்றுவது, தண்ணீரில் அலசுவது. அவரவர் மொழியில் அச்சடித்த காகிதம் கிடைக்கிற, பரிசோதித்து எழுதிக் கொடுத்தால்தான் லென்ஸ் விற்க முடியும் என்று சட்டம் இருக்கிற நாடு அது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தப்புச் செய்தால் அதற்கு அலட்சியம் என்று பேர் வைப்பது சௌகரியம். பேர் வைத்தவருக்கு வேறு வேலை இல்லாமல் போகிறதே!

சொல்யூஷன் கம்பெனிகளே தடுக்கி விழுந்ததும் உண்டு. 2006ல் பாஷ் அண்ட் லாம்ப் தன் ரெனு வித் மாய்ஸ்ச்சர்லாக் சொல்யூஷனை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சைப் புண் வந்தது. அடுத்த வருஷமே, 2007ல், இன்னொரு கம்பெனியின் கம்ப்ளீட் மாய்ஸ்ச்சர்ப்ளஸ் அமீபாவுக்காகத் திரும்பப் பெறப்பட்டது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 2023ல் குளோபல் ஃபார்மா ஹெல்த்கேர் என்ற சென்னைக் கம்பெனி தயாரித்த கண் சொட்டு மருந்தை அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் பாக்டீரியா தொற்றோடு அதை அந்த நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் தொடர்புபடுத்தியது. 18 மாநிலங்களில் 81 பேர், 4 மரணம், 14 பேருக்குப் பார்வை இழப்பு. தாங்கள் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்னது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உறுத்துவது வேறு. அமெரிக்கக் கண்ணுக்கு ஆபத்து என்றதும் அங்கிருந்து இன்ஸ்பெக்டர்கள் விமானம் ஏறி, திருப்போரூர் பக்கத்து ஆலத்தூர் ஃபேக்டரிக்கு வந்து, நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரகடத்து ஹாஸ்டல் குழாயை எட்டிப் பார்க்க யார் வந்தார்கள்?

வந்தார்கள், ஒரு தடவை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் சாப்பாடு கெட்டு 250க்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் ஒரு ரூமில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை படுக்கிறார்கள் என்றும், சில இடங்களில் கழிவறையில் தண்ணீரே வருவதில்லை என்றும் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 2024ல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் வேலை பார்க்கும் எல்லோரும் அதில் அடங்கிவிடுவார்களா என்ன? தண்ணீர் வராத இடத்தில், முப்பது பேர் ரூமில், விடியற்காலை நாலு மணிக்கு "சோப்புப் போட்டுக் கைகழுவி, பிசிறில்லாத துணியில் துடைத்துக்கொண்டு லென்ஸ் அணியவும்" என்று ஒரு காகிதம் சொன்னால் அதைத் தமிழில் அச்சடித்தாலும் என்ன பிரயோஜனம்?

"அப்படின்னா கண்ணாடியே போட்டுக்கிட்டுப் போகலாமே" என்பீர்கள். போகலாம். பவர் வைத்த சேஃப்டி கிளாஸ் செய்து கொடுங்கள், பாதிப்பேர் போடுவார்கள். காகிள்ஸில் ஆவி படியாத பூச்சு கொடுங்கள். டிரெய்னிக்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்துக் கொடுங்கள், பர்மனென்ட் ஆளுக்கு மட்டும் இல்லை. 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 35வது பிரிவு கண் பாதுகாப்பு, 42வது பிரிவு கை கழுவும் வசதி என்று எழுதியிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பேர் மாறினாலும் கழுவுமிடத்தில் சோப்பு வைக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

இதற்கு நடுவில் கண் சிவந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை, "மெட்ராஸ் ஐ". பக்கத்தில் வராதே என்பார்கள், பன்னீர் விடு என்பார்கள், நந்தியாவட்டைப் பூ வை என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போவார்கள். அவர் எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத ஷெட்யூல் எச் மருந்து அது. சிவப்பு உடனே குறையும், ஷிஃப்டுக்குப் போய்விடலாம். உள்ளே பூஞ்சையோ அமீபாவோ இருந்தால் அதற்கு அது விருந்து. சூடோமோனாஸாக இருந்தால் இன்னும் மோசம், ஓரிரு நாளிலேயே கார்னியாவைக் கரைத்துவிடக்கூடியது அது. லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அதை மெட்ராஸ் ஐ என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. லென்ஸைக் கழற்றி, டப்பாவோடு எடுத்துக்கொண்டு (தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கிருமி எதுவென்று அதிலிருந்து கண்டுபிடிக்கலாம்) அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் நூம்பலில் 2017லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எழும்பூரில் 1819ல் ஆரம்பித்த அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, காசு இல்லாதவரும் போகலாம். ஆஸ்பத்திரி இல்லை என்பது பிரச்சினை இல்லை. ஒரு நாள் லீவ் போட்டால் அட்டென்டன்ஸ் போனஸ் போய்விடும் என்பதுதான் பிரச்சினை. கண்ணா போனஸா என்று ஒரு இருபது வயசுப் பெண்ணை யோசிக்க வைக்கிற சம்பள முறையை எந்த மேதாவி கண்டுபிடித்தாரோ!

இவ்வளவு திட்டிவிட்டு எப்படிப் போட வேண்டும் என்று சொல்லாமல் போனால் நானும் அந்த சேஃப்டி வகுப்பு மாதிரிதான். பாட்டில் சொல்யூஷனை விட்டுத் தவிர வேறு எந்தத் திரவமும் லென்ஸைத் தொடக்கூடாது, குளிக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். கையைச் சோப்பால் கழுவி நன்றாகக் காயவிட்டுத்தான் தொட வேண்டும், ஈரக்கையில் இருப்பதும் அதே தொட்டித் தண்ணீர்தான். கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷன் விட்டு விரலால் மெதுவாகத் தேய்த்து அலச வேண்டும், "தேய்க்கத் தேவையில்லை" என்று பாட்டிலில் போட்டிருந்தாலும். டப்பாவில் நேற்றைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். காசு மிச்சம் பிடிக்க மேலேயே ஊற்றுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான சிக்கனம். டப்பாவைச் சொல்யூஷனால் அலசி, கவிழ்த்து உலர வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாற்றிவிட வேண்டும். சலைன் என்று சீப்பாகக் கிடைப்பது அலசுவதற்கு மட்டும், அது கிருமியைக் கொல்லாது. முடிந்தால் தினம் ஒன்று போட்டுத் தூக்கியெறியும் வகை நல்லது, விலைதான் கையைக் கடிக்கும். அதைத் தினமும் வாங்க முடியாதவர்கள் விடியற்காலை ஷிஃப்டுக்கு ரூமிலேயே போடாமல், ஃபேக்டரியில் இறங்கிய பிறகு போட்டுக்கொண்டு, கிளம்புமுன் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு பஸ் ஏறலாம். இரண்டு தூக்கமும் லென்ஸ் இல்லாத தூக்கமாகிவிடும், பதினேழரை மணியும் நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் அதற்கு ஃபேக்டரியில் ஒரு கண்ணாடியும், சோப்பு வைத்த கழுவுமிடமும், "லென்ஸ் போட்டிருக்கேன் சார்" என்று பயமில்லாமல் சொல்கிற வழியும் வேண்டும். மூன்றையும் சேர்த்தால் அந்த டிரெய்னிங் ஹாலின் ஒரு மாத ஏ.சி. செலவு கூட ஆகாது.

எங்கள் வகுப்பில் ஒருத்தன் அந்த சேஃப்டி ஆபீஸரைக் கேட்டே விட்டான், "சார், அந்த ஹோசூர்காரர் எந்தக் கம்பெனி?" என்று. "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்" என்று பதில் வந்தது.

பி.கு: கல்யாணப் பெண்ணுக்குக் கலர் லென்ஸ் போடுகிற மேக்கப்காரர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அமெரிக்காவில் 2005லிருந்து பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும். இங்கே போன முகூர்த்தத்தில் யார் கண்ணில் இருந்த லென்ஸோ, இந்த முகூர்த்தத்தில் யார் கண்ணுக்கோ. எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணத்தில் பெண் தாலி கட்டும்போது அழுததைப் பார்த்து எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் பதிலாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.